46 டிகிரி வெயில், வறண்ட காற்று: பேரீச்சைக்கு எவ்வளவு தண்ணீர், ஆடுகளை எப்படிக் காப்பது?

கேள்வி: அய்யா, வணக்கம். எனக்கு அறந்தாங்கிப் பக்கம். மூன்று வருஷமாக ஓமானில் இப்ரிக்கு வெளியே ஒரு தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். 70 பேரீச்சை மரம், மார்ச்சில் நட்ட 12 பக்கக்கன்று, 40 ஆடு, ஒரு துண்டு குதிரை மசால் தீவனப் பயிர். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்பு. மே மூன்றாம் வாரம்தான் ஆகிறது, அதற்குள் வெயில் 45, 46 என்று ஏறிவிட்டது. இன்னும் ஒரு வாரம் இப்படியே இருக்குமாம். காற்றில் ஈரமே இல்லை. பச்சைக் காய்கள் உதிர்கின்றன. ஆடுகள் பகலில் வாயைத் திறந்து இரைக்கின்றன, தீவனம் பாதி மிச்சம் கிடக்கிறது. இரண்டு ஆடு நிறைசினை. பகலிலும் மோட்டாரைப் போட்டு மரத்துக்குத் தண்ணீரை இரண்டு மடங்கு விடு என்கிறார் அர்பாப் (முதலாளி). எனக்கும் ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. எதை முதலில் கவனிக்கட்டும்?

பதில்: தம்பி, போகிற போக்கில் கடைசியாகச் சொன்னீர்களே கெண்டைக்கால் இழுப்பு, அதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். வேர்வையோடு உப்பு நிறையப் போய்விட்டது, வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதற்கு அது பெரும்பாலும் அடையாளம். அந்த ஊர் வறண்ட காற்றில் வேர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். சட்டை நனையாது. அதனால் "எனக்கு வேர்க்கவே இல்லை" என்று ஆட்கள் நம்பிவிடுகிறார்கள். சட்டையில் வெள்ளை உப்புக் கோடு படிந்திருக்கிறதா, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் உடம்பு ஏற்கெனவே பின்தங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. உப்பைக் கூட்டக் கூடாது. அங்கே எல்லாக் கடையிலும் லபன் என்கிற கெட்டி மோர் கிடைக்கும். அதில் ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் விட்டு, ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் நம் நீர்மோர்தான். வேலை செய்யும்போது தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் குடியுங்கள். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மட்டும் உப்புக் கரைசலை டாக்டரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

ஓமானில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மதியம் 12.30 முதல் 3.30 வரை திறந்தவெளி வேலை கூடாது என்று சட்டம் இருக்கிறது. நீங்கள் மே மாதத்தில் இருக்கிறீர்கள். வெயில் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை, நீங்களும் காத்திருக்க வேண்டாம். இந்த ஒரு வாரம் விடியற்காலை 4.30க்கு இறங்கி 9.30க்கு ஏறிவிடுங்கள். மறுபடி மாலை 5 மணிக்குமேல் இறங்கினால் போதும். தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல், தடுமாற்றம், இதில் எது வந்தாலும் நிழலில் படுத்து உடம்பெல்லாம் நனைத்து விசிறச் சொல்லி, 9999க்கு அழைக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்து ஆளிடம் இப்போதே சொல்லிவையுங்கள், காலையும் மதியமும் ஒருவரை ஒருவர் போனில் கூப்பிட்டுப் பேசிக்கொள்ளுங்கள். தனியாக இருக்கும் ஆள்தான் இந்த வெயிலில் மோசம் போகிறான். அந்தப் பக்கத் தோட்டங்களில் சில கோடைகளைக் கழித்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து, இந்த வாரத்து வெயிலின் குணத்தைப் புரிந்துகொள்ளுங்கள். 46 டிகிரியும் 10 சதவீத ஈரப்பதமும் இருக்கும் காற்றில் ஒரு ஈரத்துணியை நிழலில் தொங்கவிட்டால், அந்தத் துணி ஏறக்குறைய 22 டிகிரிவரை குளிரும். மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதும் இதே கணக்குத்தான். உங்களிடமிருந்து தூரமில்லாத பஹ்லா மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து இரண்டு பானை வாங்கி நிழலில், காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். கடற்கரைப் பக்கம் ஜூலையில் காற்றில் ஈரம் ஏறிவிட்டால் இந்த வித்தை பலிக்காது. உங்கள் ஊரில் இப்போது முழுசாகப் பலிக்கும். ஆட்டுக் கொட்டகைக்கும் இதையே பயன்படுத்தப் போகிறோம்.

ஆடுகளுக்கு வருவோம். இரைக்கும் ஆட்டின் விலாவைப் பார்த்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 15 முதல் 30 இருக்கும். வெயிலில் 60, 70 என்று ஓடுவது உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழி, அதற்குப் பயப்பட வேண்டாம். வாய் திறந்து, நாக்கு வெளியே வந்து, எச்சில் ஒழுகி, மந்தையை விட்டு ஒதுங்கி நின்றால் அந்த ஆட்டுக்கு ஆசனவாயில் தெர்மாமீட்டர் வையுங்கள். இயல்பு 38.5 முதல் 39.5 டிகிரி. மதியத்தில் 40 வரை பொறுக்கலாம். 41ஐத் தொட்டால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் தலை, வயிற்றடி, கால்கள் எல்லாம் நனைத்து, அட்டையால் விசிறுங்கள். குளிர்ந்த தண்ணீர் கொடுத்தால் ஆடு செத்துவிடும் என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். அப்படி எதுவும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தானே குடிக்க விடுங்கள். படுத்துக் கிடக்கும் ஆட்டின் வாயில் மட்டும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும்.

தீவனம் மிச்சம் விழுவதற்குக் காரணம் பசியின்மை மட்டுமில்லை. தின்ற தீவனம் வயிற்றில் நொதிக்கும்போதே உடம்பில் சூட்டைக் கிளப்பும், தின்று மூன்று நான்கு மணி நேரத்தில் அது உச்சத்துக்கு வரும். காலை 8 மணிக்குப் போட்டால் 11, 12 மணிக்கு வெளியே வெயில், உள்ளே அடுப்பு. ஆடு தெரிந்தேதான் தின்ன மறுக்கிறது. அதனால் கால் பங்கை விடியற்காலை 5 மணிக்குள் போட்டுவிட்டு, முக்கால் பங்கை இருட்டிய பிறகு போடுங்கள். இந்த மாற்றம் ஒன்றுக்கே மூன்றே நாளில் மிச்சம் குறைவதைப் பார்ப்பீர்கள். ஆனால் பசியோடு நிற்கும் ஆட்டுக்கு ஈரமான பச்சைக் குதிரை மசாலை அள்ளிப் போட்டுவிடாதீர்கள், வயிறு உப்பிக்கொள்ளும். முதலில் காய்ந்த ரோட்ஸ் புல், அதற்குப் பிறகு மசால். தின்னவில்லையே என்று கழிவுப் பேரீச்சையையும் தானியத்தையும் கூட்டிப் போடுவதும் ஆபத்துதான், செரிமானம் புளித்துப்போகும்.

தண்ணீர்க் கணக்கையும் ஒருதரம் போட்டுப் பாருங்கள். இந்த வெயிலில் ஆடு ஒன்றுக்கு 5 முதல் 8 லிட்டர், பால் கொடுப்பவைக்கு இன்னும் கூட வேண்டும். 40 ஆட்டுக்கு 200 முதல் 320 லிட்டர். ஒரு 200 லிட்டர் டிரம்மை நிரப்பிவிட்டுப் படுத்தால் மதியத்துக்குமேல் தொட்டி காய்ந்து கிடக்கும். அதைவிடப் பெரிய பிரச்சினை சூடு. மணலில் கிடக்கும் கறுப்புக் குழாயில் தேங்கிய தண்ணீர் கை வைக்க முடியாத அளவு கொதிக்கும், எந்த ஆடும் குடிக்காது. குழாயை ஒரு சாண் ஆழத்தில் புதையுங்கள், முடியாவிட்டால் மட்டையால் மூடுங்கள். டிரம்மை நிழலுக்கு நகர்த்தி, சணல் சாக்கைச் சுற்றிக் கட்டி, சாக்கை நனைத்துவையுங்கள். தாது உப்புக் கட்டி ஒன்று தொங்கட்டும்.

கொட்டகைக்குத் தகரக் கூரையாக இருந்தால் அதன் மேலே காய்ந்த பேரீச்சை மட்டையை இரண்டு அடுக்காகப் பரப்பிக் கட்டுங்கள். தகரம் வாங்கும் சூட்டை நேராக ஆட்டின் முதுகில் இறக்கும். அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக மட்டையால் குடிசை கட்டியது இதனால்தான். காற்று வரும் பக்கம் சாக்கைத் தொங்கவிட்டு மதியம் இரண்டு மூன்று முறை நனையுங்கள். மற்ற பக்கங்கள் திறந்திருக்கட்டும். தரையில் சேறு ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி, குடற்புழு மருந்து, வண்டியில் ஏற்றுவது எல்லாம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போகட்டும்.

நிறைசினை ஆடுகள் இரண்டையும் தனியாக, நல்ல நிழலில் கட்டுங்கள். கடைசி மாதத்தில், அதுவும் இரட்டைக் குட்டி இருந்தால், இரண்டு நாள் தின்னாமல் கிடந்தாலே உடம்புக் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் நஞ்சு சேரும். பல்லை நறநறவென்று கடிப்பது, தள்ளாடுவது, வாயில் ஒருவித இனிப்பு வாடை, இவை அதன் அறிகுறி. கண்டால் அன்றே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அதுவரை காத்திராமல் இன்றிலிருந்தே 50 கிராம் பேரீச்சைப் பாகைத் தண்ணீரில் கரைத்துக் காலையும் மாலையும் வையுங்கள். அங்கே திப்ஸ் என்று விற்கும். கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருப்பதால் இவை இரண்டுக்கும் மட்டுமாவது நல்ல தண்ணீர் கொடுங்கள்.

இனி மரம். பேரீச்சைக்குக் கால் தண்ணீரிலும் தலை நெருப்பிலும் இருக்க வேண்டும் என்று அரபியில் ஒரு சொலவடை உண்டு. 50 டிகிரியை நெருங்கினாலும் கொஞ்ச நாள் தாங்கும் மரம் அது. காய் பழுக்கவே இந்தச் சூடு வேண்டும். உங்களுடைய மூன்று கவலைகளில் மரத்தை நான் கடைசியில் வைப்பது அதனால்தான்.

தண்ணீரை இரட்டிப்பாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வளர்ந்த மரத்துக்குக் கோடையில் நாளொன்றுக்கு, அதன் பருமனைப் பொறுத்து, 150 முதல் 250 லிட்டர் போகும். 200 என்று வைத்தாலும் 70 மரத்துக்கு 14,000 லிட்டர். இரண்டு மடங்கு என்றால் 28,000. உங்கள் மண் மணல்பாங்கு, ஒரு மீட்டருக்குக் கீழே இறங்கிய தண்ணீரில் பெரும்பகுதி வேருக்கு உதவாது. கிணற்றை அப்படி இறைத்தால் நீர்மட்டம் இறங்கி, இன்னும் உப்பான தண்ணீர் மேலே வரும். கால் பங்கு கூட்டினால் போதும், அதையும் இரவில் பாய்ச்சுங்கள். ஃபலஜ் வாய்க்கால் முறையில் அந்த ஊர்ப் பெரியவர்கள் நட்சத்திரம் பார்த்து இரவுமுறைத் தண்ணீரைப் பங்கிட்டவர்கள். அர்பாபிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அவருடைய தாத்தா செய்ததுதான், மறுக்க மாட்டார். போதுமா போதாதா என்ற சந்தேகத்துக்குக் காலையில் மரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி முழங்கை ஆழத்துக்குத் தோண்டி மண்ணைப் பிடித்துப் பாருங்கள். பிடித்தால் உருண்டையாக நின்று, தட்டினால் உதிர்ந்தால் சரியான ஈரம்.

காய் உதிர்வதைத் தண்ணீரோடு மட்டும் முடிச்சுப் போடாதீர்கள். உதிர்ந்த காயில் ஒரு கை நிறையப் பொறுக்கி, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். சுத்தமான பச்சைக் காய், லேசாகச் சுருங்கியிருந்தால் தண்ணீர்க் குறைவோ, மரம் தானே பாரத்தைக் குறைத்துக்கொள்வதோதான். காம்புக் குல்லாய்ப் பக்கம் சிறு துளை, காய் செம்பழுப்பாகக் காய்ந்து நூலிழையில் தொங்கினால் அது ஹுமைரா என்கிற சிறு அந்துப்பூச்சியின் புழு. உதிர்ந்ததையும் தொங்குவதையும் தினமும் பொறுக்கி எரித்துவிடுங்கள். மூன்றாவதுதான் இந்த வாரத்துக்கே உரியது. காயின் மேல் மெல்லிய வலை, அதில் புழுதி படிந்து சாம்பல் நிறம். அங்கே குபார் என்பார்கள், புழுதி என்று பொருள். உண்மையில் அது சிலந்திப்பேன். வெயிலும் வறண்ட காற்றும் புழுதியும் சேர்ந்தால் சில நாளில் குலை முழுக்க ஏறிவிடும். முதல் வலையைப் பார்த்ததுமே விடியற்காலையில் குலையைத் தண்ணீர் பீய்ச்சி நன்றாகக் கழுவுங்கள். மரத்தடிப் புல்லைச் சுத்தம் செய்யுங்கள். பிக்கப் வண்டியை மரங்களுக்கு நடுவே ஓட்டாதீர்கள், அந்தப் புழுதியே பேனுக்குப் போர்வை. கழுவியும் அடங்காவிட்டால்தான் தண்ணீரில் கலந்து தெளிக்கும் நனையும் கந்தகத் தூள், அதுவும் சீட்டில் உள்ள அளவில், சூரியன் இறங்கிய பிறகு. காற்று அடிக்கும்போது மரம் ஏற வேண்டாம்.

பச்சை மட்டை எதையும் இந்த வாரம் வெட்டாதீர்கள். குலைக்கு நிழல் அதுதான். வெட்டுக்காயத்தின் வாடைக்கு, மரத்தைக் குடையும் சிவப்புக் கூன்வண்டும் வரும்.

உண்மையில் தண்ணீருக்குத் தவிப்பவை அந்த 12 பக்கக்கன்றுகள்தான். இரண்டு மாதத்து வேர் இன்னும் ஒரு முழம்கூட ஓடியிருக்காது. தினமும் அதிகாலையில் கொஞ்சம், இருட்டிய பிறகு கொஞ்சம் என்று பிரித்து ஊற்றுங்கள். குழாயில் கிடந்த கொதிநீரை முதலில் வெளியே விட்டுவிட்டு ஊற்றுங்கள். குருத்துக்குள் தண்ணீர் போகக் கூடாது, அழுகிவிடும். கன்றைச் சுற்றிச் சணல் சாக்கு, உச்சி மட்டும் திறந்து. தென்மேற்குப் பக்கம் இரண்டு மட்டையை ஊன்றி நிழல் கொடுங்கள். காய்ந்த மட்டைத் தூளைப் பாத்தியில் நாலு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போடலாம், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி.

குதிரை மசாலை இந்த வாரம் அறுக்காமல் விட்டால் நல்லது. அறுத்தே ஆக வேண்டுமென்றால் நாலு விரல் உயரம் விட்டு அறுத்து, அன்றிரவே பாய்ச்சுங்கள். உப்பைத் தாங்கும் சக்தி பேரீச்சையைவிட அதற்குப் பாதிதான்.

வெயில் தணிந்ததும் பாத்தி ஓரங்களைப் பாருங்கள். இந்த ஒரு வாரத்து ஆவியில் வெள்ளை உப்பு பூத்திருக்கும். அந்த மேல் உப்பைச் சுரண்டித் தோட்டத்துக்கு வெளியே கொட்டிவிட்டு, ஒரே ஓர் இரவு மட்டும் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு தண்ணீரை மெதுவாக விடுங்கள். மிச்ச உப்பு வேருக்குக் கீழே இறங்கும். அர்பாப் கேட்கும் அதிகத் தண்ணீரை அந்த இரவில் கொடுத்துக்கொள்ளலாம்.