ஐந்து மாதம் நடக்கப் போகிறேன், பிஎஃப் பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: வயது 31, கோவையில் ஐடி வேலை, இதே நிறுவனத்தில் ஆறாவது வருடம் முடியப்போகிறது. பிடித்தம் போக மாதம் 1,12,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக்கடன் இஎம்ஐ 31,000, வீட்டுச் செலவுக்கு அம்மாவிடம் 18,000 தருகிறேன். அப்பா ஓய்வு பெற்றவர், சர்க்கரை உண்டு, இருவருக்கும் என் கம்பெனி மருத்துவக் காப்பீடுதான். எஃப்டியில் 6 லட்சம், பங்கு மியூச்சுவல் ஃபண்டில் 7.8 லட்சம், பிஎஃப்பில் சுமார் 5.5 லட்சம் இருக்கிறது. மாதம் 40,000 சேமிக்கிறேன். இன்னும் திருமணம் ஆகவில்லை. அமெரிக்காவின் பசிபிக் கிரெஸ்ட் டிரெயிலை ஒரே மூச்சில் நடந்து முடிக்க வேண்டும் என்பது பல வருட ஆசை. வரும் ஏப்ரலில், அதாவது இன்னும் பத்து மாதத்தில், கிளம்பலாம் என்றிருக்கிறேன். கம்பெனியில் மூன்று மாதத்துக்கு மேல் சம்பளமில்லா விடுப்பு கிடையாதாம், அதனால் ராஜினாமாதான். பிஎஃப்பை எடுக்கலாமா, அல்லது 3 லட்சம் பர்சனல் லோன் போடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஆனால் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. 31 வயதில், கல்யாணத்துக்கு முன், முழங்கால் நன்றாக இருக்கும்போது போகாமல் வேறு எப்போது போவது? வரும் ஏப்ரலில் வேண்டாம், அதற்கடுத்த ஏப்ரலில் போங்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் பாதைச் செலவு. மெக்சிகோ எல்லையில் காம்போவில் தொடங்கி கனடா எல்லை வரை 2,650 மைல், நம் கணக்கில் 4,265 கிலோமீட்டர். சாதாரணமாக ஐந்து மாதம் ஆகும். இவ்வளவு தூரத்துக்கும் காட்டுக்குள் படுக்கக் காசு கிடையாது, நீண்ட தூரம் நடப்பதற்கான பெர்மிட்டும் இலவசம், அதனால் நிறைய பேர் செலவைக் குறைத்தே போடுகிறார்கள். பணம் போவது நடக்கும் நாட்களில் இல்லை, ஊருக்குள் இறங்கும் நாட்களில்தான். ஆறேழு நாள் நடந்து, அழுக்கும் பசியுமாக, லிஃப்ட் கேட்டு பிஷப், மாமத் லேக்ஸ் மாதிரி ஒரு ஊருக்கு வருகிறீர்கள் என்று வையுங்கள். மோட்டல் அறையை மூன்று நான்கு பேர் பங்கிட்டாலும் தலைக்கு 45 டாலர் ஆகும். ஒரு வாரம் நூடுல்ஸ் தின்ற வயிறு ஒரு பீட்சாவோடு நிற்காது, இரண்டு மூன்று வேளை ஓட்டலில் சாப்பிட்டால் டிப்ஸோடு 60 டாலர். துணி துவைக்கக் கொஞ்சம், கேஸ் குடுவை ஒன்று, அடுத்த ஐந்து நாளுக்கான மளிகை 80, 85 டாலர். ஆக, ஒரு இறக்கம் 200 டாலர். இத்தோடு மறுநாள் காலை கிளம்பிவிட்டால் பரவாயில்லை. கால் வலிக்கிறது, கூட வந்தவர்கள் இருக்கிறார்கள் என்று இன்னொரு நாள் தங்கினால் மேலும் 100. நடக்காமல் உட்காரும் அந்த நாளை அங்கே ஜீரோ என்கிறார்கள். ஒவ்வொரு இறக்கத்திலும் ஒரு ஜீரோ என்று பழகிவிட்டால் ஐந்து மாதத்தில் 2,000 டாலருக்கு மேல் அதிலேயே போய்விடும், டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் அதுவே 1.8 லட்சம். ஜீரோவே எடுக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், உடம்புக்கு அது தேவை. அதில் பாதியை ஊருக்கு வெளியே கூடாரத்திலேயே எடுங்கள்.

எல்லாம் சேர்த்து மாதம் 1,500 டாலர், ஐந்து மாதத்துக்கு 7,500 என்று வைக்கிறேன். கூடாரம், தூக்கப்பை, முதுகுப்பை, அடுப்பு வகையறாவுக்கு 1,800. ஷூவைத் தனியாகக் கணக்கிடுங்கள், ஓட்டக்காரர்கள் போடும் லேசான ஷூ 500 மைல் தாங்கினால் பெரிய விஷயம், ஆகவே குறைந்தது ஐந்து ஜோடி, 700 டாலர். விசா கட்டணம் 185. எதிர்பாராததுக்கு 2,000. இதுவரை ஏறக்குறைய 11 லட்சம் ரூபாய். விமான டிக்கெட் 1.4 லட்சம், பயணக் காப்பீடு 40,000 சேர்த்தால் 12.75 லட்சத்தில் நிற்கும். டாலர் ஐந்து ரூபாய் ஏறினால் இன்னும் 60,000 கூடும்.

சாமான் விஷயத்தில் ஒரு யோசனை. இங்கேயே மலிவாக வாங்கிவிடலாம் என்று கனமான கூடாரமும் பையும் வாங்காதீர்கள், பாதி வழியில் அங்கே மறுபடி வாங்குவீர்கள், இரண்டு செலவு. தலைவிளக்கு, மழைக்கோட்டு, உள்ளாடை போன்றவை இங்கே போதும். கூடாரம், தூக்கப்பை, முதுகுப்பை மூன்றும் அங்கே, முடிந்தால் பழையதாக. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் பல பகுதிகளில் கரடி திறக்க முடியாத உணவு டப்பா கட்டாயம். அதன் எடை ஒரு கிலோவுக்கு மேல், விலையும் கிட்டத்தட்ட 90 டாலர். அதைக் காம்போவிலிருந்தே சுமக்க வேண்டியதில்லை, 702-ஆவது மைலில் கென்னடி மெடோஸ் வரும்போது கையில் கிடைக்குமாறு அனுப்பிக்கொள்ளலாம். சைவம் என்றால் அவல், உடனடி உப்புமா, பருப்புப் பொடி எல்லாம் கலிபோர்னியா இந்தியக் கடைகளிலேயே இருக்கிறது, இங்கிருந்து மூட்டை கட்டிச் சுங்கத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம். ஐந்து மாதத்துக்குமான சாப்பாட்டை முன்கூட்டியே பெட்டி பெட்டியாகப் போட்டு அனுப்புவதும் வீண். மூன்றாவது வாரத்திலேயே நாக்கு மாறிவிடும், தபால் செலவு வேறு. கடை சரியாக இல்லாத சில இடங்களுக்கு மட்டும் பெட்டி அனுப்புங்கள்.

இனி வீட்டுச் செலவு. சம்பளம் இல்லாத மாதங்களில் இதற்கு என்ன வழி என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. இஎம்ஐயும் அம்மாவுக்குத் தருவதும் சேர்ந்து மாதம் 49,000. நடை ஐந்து மாதம், முன்னும் பின்னும் சேர்த்து ஒரு மாதம், வேலை தேட நான்கு மாதம் என்று பத்து மாதத்துக்கு 4.9 லட்சம். வேலை தேட நான்கு மாதமா என்று கேட்காதீர்கள், இப்போதைய ஐடி நிலவரம் என்னைவிட உங்களுக்குத் தெரியும். திரும்பி வந்தபின் உங்கள் சொந்தச் செலவு 60,000. பெற்றோருக்குத் தனிக் காப்பீடு, உத்தேசமாக இன்னொரு 60,000. ஆக 6.1 லட்சம். பாதைச் செலவோடு கூட்டினால் 18.85 லட்சம். பிஎஃப் தவிர உங்களிடம் இருப்பது 13.8 லட்சம். வீட்டில் ஒரு அவசரம் என்றால் எடுக்க 2 லட்சம் தொடாமல் இருக்க வேண்டும், நீங்கள் மலைமேல் சிக்னல் இல்லாமல் இருக்கும்போது அது அம்மா கையில் இருந்தாக வேண்டும். இதையெல்லாம் சேர்த்தால் 7 லட்சம் குறைகிறது. பத்து மாதச் சேமிப்பு 4 லட்சம், 22 மாதச் சேமிப்பு 8.8 லட்சம். இதனால்தான் அதற்கடுத்த ஏப்ரல் என்கிறேன்.

கிராஜுவிட்டி வருமே என்பீர்கள். வரும். ஐந்து வருடம் தாண்டிவிட்டீர்கள், அடிப்படைச் சம்பளம் 55,000 என்றால் ஆறு வருடத்துக்கு 1.9 லட்சம் சொச்சம். அதைச் சேர்த்தால் வரும் ஏப்ரல் கணக்கே கிட்டத்தட்ட நேராகிறது போலத் தெரியும். ஆனால் உங்கள் 7.8 லட்சம் பங்குச் சந்தையில் இருக்கிறது, கிளம்பும் சமயம் சந்தை 15 சதவீதம் இறங்கினால் 1.17 லட்சம் காணாமல் போகும். கிராஜுவிட்டியை நான்கு மாதம் வேலை கிடைக்காமல் ஐந்தாவது மாதம் ஆனால் எடுக்கும் பணமாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபண்ட் பணத்தை இப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக எஃப்டிக்கோ லிக்விட் ஃபண்டுக்கோ மாற்றுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்ட் லாபத்தில் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதனால் ஒரு பகுதியை மார்ச் 31-க்கு முன்பும் மறு பகுதியை ஏப்ரலுக்குப் பின்பும் விற்றால் அந்தச் சலுகை இரண்டு முறை கிடைக்கும்.

பர்சனல் லோனைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை, சம்பளம் இல்லாத மாதத்தில் இரண்டாவது இஎம்ஐ எதற்கு? பிஎஃப் அப்படியே இருக்கட்டும், வேலையை விட்டாலும் அதற்கு வட்டி வரும், அடுத்த கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயமும் உண்டு. மார்ச் கடைசியில் வேலையை விட்டு, அக்டோபரில் திரும்பி, பிப்ரவரியில் வேலையில் சேர்ந்தால் அந்த நிதியாண்டில் இரண்டு மாதச் சம்பளம்தான். புதிய வருமான வரி முறையில் 12 லட்சம் வரை சம்பள வருமானத்துக்கு வரி வராது என்பதால் அந்த வருடம் நீங்கள் வரியே கட்ட வேண்டியிருக்காது.

அப்பாவின் காப்பீட்டை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். வேலை போன அன்றே குழுக் காப்பீடும் போய்விடும். புதிதாக எடுத்தால் சர்க்கரை தொடர்பான செலவுக்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் போடலாம். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, அப்படி மாறினால் ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும். ராஜினாமா கொடுத்தபின் கேட்காதீர்கள், இரண்டு மூன்று மாதம் முன்பே ஹெச்ஆரிடம் கேளுங்கள். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை, அது ஒரு நிம்மதி.

உங்களுக்கான பயணக் காப்பீட்டில் பிரீமியத்தைப் பார்க்கும் முன் விலக்குப் பட்டியலைப் படியுங்கள். பல பாலிசிகளில் மலையேற்றத்தை சாகச விளையாட்டு என்று ஒதுக்கியிருப்பார்கள், அல்லது உயர வரம்பு வைத்திருப்பார்கள். இந்தப் பாதையில் ஃபாரெஸ்டர் கணவாய் 4,009 மீட்டர். அந்த உயரத்துக்குச் செல்லுபடியாகும் என்று எழுத்தில், மின்னஞ்சலில், வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜென்ட் வாயால் சொன்னது கிளெய்முக்கு உதவாது. அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லுக்கு 50,000 டாலர் கவரேஜ் போதாது, குறைந்தது 2.5 லட்சம் டாலருக்கு எடுங்கள்.

காரியங்களை எந்த வரிசையில் செய்கிறீர்கள் என்பதும் பணம்தான். விசா முதலில், வேலையில் இருக்கும்போதே. நேர்காணலில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சுற்றுலா விசாவில் பொதுவாக ஆறு மாதம் தங்க விடுவார்கள், ஆனால் எத்தனை நாள் என்பதை முடிவு செய்வது விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரி. அப்புறம் பெர்மிட், காம்போவிலிருந்து ஒரு நாளைக்கு 50 பேருக்குத்தான், நவம்பரிலும் ஜனவரியிலும் இணையத்தில் திறக்கும். அது கையில் வந்தபின் காப்பீடு, பிறகு ராஜினாமா, கடைசியில் டிக்கெட். டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக வாங்குங்கள், காட்டுத்தீ வந்தால் ஆகஸ்ட், செப்டம்பரில் பாதையை மூடுவார்கள். கனடா விசாவுக்குச் செலவு செய்ய வேண்டாம். பாதை வழியாக நடந்து உள்ளே வருவதை அவர்கள் 2025-இல் நிறுத்திவிட்டார்கள், எல்லைத் தூணைத் தொட்டுவிட்டு 30 மைல் பின்னால் ஹார்ட்ஸ் பாஸ் என்ற கணவாய்க்கு நடந்து, சியாட்டிலிலிருந்து விமானம் ஏற வேண்டியதுதான்.

22 மாதம் பொறுக்க முடியாது என்றால் இன்னொரு வழி. வரும் ஏப்ரலில் அந்த மூன்று மாத விடுப்பையே எடுங்கள். காம்போவில் தொடங்கினால் தெற்கு கலிபோர்னியா பாலைவனமும் சியராவும் முடிந்துவிடும், செலவு பாதிக்குக் கொஞ்சம் மேல், வேலையும் காப்பீடும் அப்படியே இருக்கும். உங்களுக்கு முழுதாக நடக்க வேண்டும், தெரிகிறது. ஆனால் இதே போன்ற அப்பலாச்சியன் பாதையில் முழுக்க நடக்கக் கிளம்புபவர்களில் நான்கில் ஒருவர்தான் முடிக்கிறார் என்று அதைப் பராமரிக்கும் அமைப்பே சொல்கிறது. எந்த வழியில் போனாலும், விசாவுக்குப் பணம் கட்டும் முன் இமயமலையில் பத்து நாளாவது சொந்தச் சுமையோடு நடந்து பாருங்கள். போர்ட்டர் தூக்கினால் அது கணக்கில்லை.

கார்டு விஷயம் சுருக்கமாக. ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று, அந்நியச் செலாவணி மார்க்கப், அதாவது வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி போடும் கூடுதல் கட்டணம், குறைந்த கிரெடிட் கார்டு ஒன்று, இரண்டும் வேறு வேறு பையில். தொலைந்தால் மாற்றுக் கார்டு காட்டுக்கு வராது. ரூபாயிலா டாலரிலா என்று கடையின் கார்டு கருவி கேட்டால் டாலரையே அழுத்துங்கள். ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றுவது வருடத்துக்கு 10 லட்சத்தைத் தாண்டாதவரை டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரிப் பிடித்தம் வராது, நீங்களும் அதற்குள்ளேயே ஏற்றுங்கள். இஎம்ஐ போகும் கணக்கில் பத்து மாதப் பணத்தைக் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள், அந்தக் கணக்கின் டெபிட் கார்டை வீட்டில் பூட்டி வையுங்கள்.

பலர் மறப்பது ஓடிபி. கோவை சிம்மை கழற்றி வைத்துவிட்டு அமெரிக்க இ-சிம் மட்டும் போட்டுக்கொண்டால் வங்கி, ஆதார், வருமான வரி எதுவும் திறக்காது. இரண்டு சிம் போடும் போனில் இந்திய எண்ணை ரோமிங்கில் உயிரோடு வையுங்கள், எஸ்எம்எஸ் வந்தால் போதும். வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள் ஜூலை 31, நீங்கள் அப்போது வட கலிபோர்னியாவில் எங்காவது இருப்பீர்கள். ஃபார்ம் 16 ஜூன் நடுவில் வரும். உங்கள் ஆடிட்டரிடம் வங்கி விவரங்களை ஏப்ரலிலேயே கொடுத்து, ஜூலை முதல் வாரம் ஊருக்குள் இறங்கும் ஒரு நாளை அவரோடு பேசி வைத்துக்கொண்டு, மோட்டல் வைஃபையில் ஓடிபி போட்டு முடித்துவிடுங்கள். தவறினால் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய்.