நின்றிருக்கும் நீள்வட்டம்

ஐயா,

குவியங்கள் (1, −2), (1, 6), நெட்டச்சின் நீளம் 10 என்று கொடுத்து நீள்வட்டத்தின் சமன்பாடு கேட்டிருந்தார்கள். மையம் (1, 2), அரை நெட்டச்சு 5, அரைக் குற்றச்சு 3 என்று கண்டுபிடித்து (எக்ஸ் − 1)²/25 + (ஒய் − 2)²/9 = 1 என எழுதினேன். விடையில் 25, 9 இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. எதன் கீழ் எது என்று நினைவில் வைக்க வழி உண்டா? குவியம் தராமல் இரண்டு புள்ளிகளை மட்டும் தந்தால் எங்கே தொடங்குவது?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

நினைவில் வைக்கும் வழி எதுவும் சொல்லமாட்டேன். தேர்வு அறையில் முதலில் காலை வாருவது அதுதான். குவியங்களைத் தாளில் குறியுங்கள். எக்ஸ் மாறவில்லை, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. நெட்டச்சு, அதாவது நீள்வட்டத்தின் நீளமான அச்சு, அவற்றின் வழியாகத்தான் போகும். நின்றிருக்கும் நீள்வட்டத்தை நீங்கள் படுக்க வைத்துவிட்டீர்கள். 25 ஒய் பக்கம் போக வேண்டும்.

சந்தேகம் இருந்தால் வரையறையிடமே கேட்கலாம். நீள்வட்டத்தின் எந்தப் புள்ளியிலிருந்தும் இரு குவியங்களுக்குள்ள தொலைவுகளின் கூடுதல் நெட்டச்சின் நீளம், இங்கே 10. உங்கள் சமன்பாட்டில் (6, 2) ஒரு முனை. அங்கிருந்து இரு பக்கமும் √41, கூட்டினால் ஏறக்குறைய 12.8. சரியான சமன்பாட்டின் முனை (1, 7): 1 + 9. குற்றச்சின், அதாவது குட்டையான அச்சின், நுனி (4, 2): 5 + 5. இந்த நுனியை விட்டுவிடாதீர்கள். மையம், குவியம், நுனி மூன்றையும் சேர்த்தால் செங்கோண முக்கோணம்: பக்கங்கள் 4, 3, கர்ணம் 5. அரை நெட்டச்சுதான் கர்ணம் என்று ஒருமுறை பார்த்தவருக்கு வர்க்கங்களைக் கூட்டுவதா கழிப்பதா என்ற குழப்பமே வராது.

இரண்டு புள்ளிகள் போதும், ஆனால் மையம் ஆதியிலும் (0, 0) அச்சுகள் ஆய அச்சுகளின் மீதும் இருந்தால் மட்டும். (எப்படி வேண்டுமானாலும் சாய்ந்து கிடக்கலாம் என்றால் ஐந்து புள்ளிகள் தேவை.) அப்போது பின்னங்களை மறந்துவிட்டு, அ எக்ஸ்² + இ ஒய்² = 1 என்று எழுதுங்கள். புள்ளிகள் (3, 2), (1, 3) என்றால் 9அ + 4இ = 1, அ + 9இ = 1. தீர்த்தால் 5எக்ஸ்² + 8ஒய்² = 77. எது நெட்டச்சு என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டியதில்லை. சிறிய கெழு எக்ஸுக்கு வந்ததால் அந்தப் பக்கம்தான் நீளம். ஆனால் இதே முறையில் (1, 1), (2, 3) போட்டால் இ = −3/5 என வரும். அது அதிபரவளையம், இரண்டு கிளைகளாக விரியும் வேறொரு வளைவு; அப்படி ஒரு நீள்வட்டம் கேட்டால் வினாவில்தான் பிழை.