இன்டராக்டிவ் ரீபேஸ்: எந்தக் கமிட்டிலிருந்து தொடங்குவது?

(நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள் கிட்; அதில் ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட். பழைய கமிட்டுகளைப் பட்டியலாகத் திறந்து திருத்தும் வழி இன்டராக்டிவ் ரீபேஸ்.)

கேள்வி: கடைசியிலிருந்து மூன்றாவது கமிட்டின் செய்தியில் எழுத்துப் பிழை. அதன் ஹாஷை (அடையாளக் குறியீட்டை) கொடுத்து ரீபேஸைத் தொடங்கினேன். பட்டியலில் மற்ற இரண்டும் வந்தன, அது மட்டும் இல்லை. ஏன்?

பதில்: நீங்கள் கொடுக்கும் கமிட்டை கிட் தொடாது. அது அஸ்திவாரம்; அதற்கு மேலே இருப்பவற்றை மட்டுமே பிரித்து அடுக்கும். ஆகவே திருத்த வேண்டிய கமிட்டுக்கு ஒரு படி கீழே நில்லுங்கள்: ஹாஷுக்குப் பின்னால் ~1 சேருங்கள், அல்லது ஹெட்~3 (இப்போதைய கமிட்டிலிருந்து மூன்று படி கீழே) என்று கொடுங்கள். இன்னொன்று, லாகில் (கமிட் வரலாற்றுப் பட்டியலில்) புதியது மேலே இருக்கும், இந்தப் பட்டியலில் பழையது மேலே. தலைகீழாகப் படித்துத் தவறான வரியில் ‘டிராப்’ (நீக்கு) போட்டு, ஒரு மாலை முழுவதும் எழுதியதை ரெஃப்லாகில் (ஹெட் நகர்ந்த இடங்களின் குறிப்பேட்டில்) தேடி மீட்டவன் நான்.

கேள்வி: ~1-க்குப் பதிலாக ^ போட்டேன். விண்டோஸில் எடுபடவில்லையே?

பதில்: கமாண்ட் பிராம்ப்டில் அந்தக் குறிக்கு வேறு வேலை இருக்கிறது. கிட்டுக்குப் போய்ச் சேருமுன்பே அதை விழுங்கிவிடும். ~1 போதும்.

கேள்வி: ஹெட்~5 கொடுத்தால் 11 வரிகள் வருகின்றன!

பதில்: நடுவில் ஒரு மெர்ஜ் (இரு கிளைகளை இணைக்கும் கமிட்) இருக்கும். அதற்கு முந்தைய கமிட்டுகள், அதாவது பெற்றோர், இரண்டு. ~ குறி முதல் பெற்றோர் வழியாக மட்டுமே எண்ணும். பட்டியலோ, இணைந்த கிளையின் கமிட்டுகளையும் அள்ளிக்கொண்டு வரும்: மெர்ஜ் நீங்கலாக நேர்வழியில் 4, கிளையிலிருந்து 7. அப்படியே சேமித்தால் மெர்ஜ் மறைந்து எல்லாம் ஒரே வரிசையாகிவிடும். வரிகள் அனைத்தையும் அழித்துச் சேமியுங்கள், ரீபேஸ் கைவிடப்படும். பிறகு அந்த மெர்ஜ் கமிட்டையே தொடக்கமாகக் கொடுங்கள். அதற்கும் கீழே போயே தீரவேண்டும் என்றால், மெர்ஜைத் தக்கவைக்க --ரீபேஸ்-மெர்ஜஸ் இருக்கிறது, 2018-இல் வெளியான 2.18 பதிப்பிலிருந்து.

கேள்வி: முதல் கமிட்டையே மாற்ற வேண்டும். அதற்குக் கீழே எதுவும் இல்லையே?

பதில்: தொடக்கக் கமிட்டுக்குப் பதில் --ரூட் கொடுங்கள்; முதல் கமிட்டும் பட்டியலில் வரும்.

கேள்வி: என் கிளையில் எத்தனை கமிட் என்றே நினைவில்லை.

பதில்: எண்ணாதீர்கள். ‘கிட் மெர்ஜ்-பேஸ் மெயின் ஹெட்’ என்று கேட்டால் கிளை பிரிந்த இடத்தைச் சொல்லும். அதைத் தொடக்கமாக வையுங்கள். பலர் வெறுமனே ‘மெயின்’ (முதன்மைக் கிளை) என்று கொடுக்கிறார்கள். இடையில் மெயின் வளர்ந்திருந்தால் உங்கள் கமிட்டுகள் அதன் உச்சிக்கு இடம்பெயரும். பிழை திருத்தப் போய் கான்ஃப்ளிக்டில் (மாற்றங்களின் மோதலில்) மாட்டிக்கொள்வது எதற்கு?

கேள்வி: புஷ் செய்துவிட்ட (சர்வருக்கு அனுப்பிவிட்ட) கமிட்டை மாற்றலாமா?

பதில்: கிளை உங்களுடையது மட்டும் என்றால் மாற்றிவிட்டு --ஃபோர்ஸ்-வித்-லீஸ் (சர்வரில் உள்ள பழையதை மேலெழுதச் சொல்வது) சேர்த்துப் புஷ் செய்யுங்கள். வேறு யாராவது அதன்மேல் வேலையைத் தொடங்கிவிட்டார்கள் என்றால், எழுத்துப் பிழை இருந்துவிட்டுப் போகட்டும்.