பஸ்டர் போசிக்கு ஹால் ஆஃப் ஃபேம் கிடைக்குமா? அறையை இப்போதே போட்டுவிடலாமா?

கேள்வி: நாங்கள் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். என் மகன் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகன், பஸ்டர் போசி என்றால் அவனுக்கு உயிர். ஹால் ஆஃப் ஃபேமுக்கு, அதாவது பேஸ்பாலின் தலைசிறந்தவர்களைச் சேர்க்கும் கௌரவப் பட்டியலுக்கு, நடக்கும் 2027 தேர்தலில் போசியின் பெயர் முதல் தடவையாக வருகிறது என்கிறார்கள். 34 வயதிலேயே ஆட்டத்தை விட்டவர், மொத்தமே 1,500 ஹிட்தான் (பந்தை அடித்து பேஸை எட்டுவது), அவருக்கெல்லாம் கிடைக்காது என்று அவனுடைய நண்பர்கள் சொல்கிறார்களாம். உண்மையில் வாய்ப்பு எப்படி? கிடைத்தால் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கூப்பர்ஸ்டவுன் ஊரில் நடக்கும் விழாவுக்குக் குடும்பத்தோடு போக ஆசை. அறை, விமானம் எல்லாம் இப்போதே போட்டுவிடலாமா?

பதில்: கிடைக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் வருடமே கிடைக்குமா என்று கேட்டால் கிடைக்கும் என்ற பக்கம்தான் நிற்பேன், ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன். அதனால் பணம் திரும்பக் கிடைக்கிற மாதிரி ஒரு அறையை இப்போதே போடுங்கள். விமான டிக்கெட்டை ஜனவரி முடிவு வந்த பிறகு வாங்கலாம்.

மகனுடைய நண்பர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. 1,500 ஹிட், 158 ஹோம் ரன் என்பது இந்தத் தேர்தலில் மிகச் சிறிய கணக்கு. 2,000 ஹிட்டுக்குக் குறைந்த பேட்ஸ்மேனை, இந்தத் தேர்தலில் வாக்களிக்கும் பேஸ்பால் எழுத்தாளர்கள் சேர்க்க மாட்டார்கள் என்பது கடந்த சில தலைமுறைகளாக எழுதாத சட்டம் போலவே இருந்தது. 2026-ல்தான் 1,933 ஹிட் வைத்திருந்த ஆண்ட்ரூ ஜோன்ஸ் அந்தக் கோட்டைத் தாண்டினார், அதுவும் பல வருடம் காத்திருந்து. போசி அவரைவிடவும் 433 குறைவு.

ஆனால் போசி ஒரு கேட்சர். கேட்சரை மற்ற ஆட்டக்காரர்களோடு ஒரே தராசில் நிறுத்தக் கூடாது, நான் சொல்ல வருவது முக்கியமாக இதுதான். கிரிக்கெட் விக்கெட் கீப்பரை நினைத்துக்கொள்ளுங்கள், அதோடு ஒவ்வொரு பந்தையும் எங்கே எப்படி எறிய வேண்டும் என்று பந்தை எறியும் பிட்சருக்குச் சொல்லும் பொறுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு நூறு ஆட்டத்துக்கு மேல் குந்தியே உட்கார்ந்து, முகமூடியிலும் விரலிலும் பந்து வாங்கிக்கொண்டு, அப்புறம் மட்டையும் பிடிக்க வேண்டும். முழங்காலும் இடுப்பும் எத்தனை வருடம் தாங்கும்? மிக்கி காக்ரேன் 1,652 ஹிட்டோடு உள்ளே இருக்கிறார். ராய் காம்பனெல்லா 1958 ஜனவரியில் கார் விபத்தில் முடங்கியபோது அவருடைய மேஜர் லீக் கணக்கு 1,161 ஹிட்தான். எம்விபி, அதாவது சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை மூன்று முறை வாங்கியவர், 1969-ல் உள்ளே போனார்.

சரி, போசி இருந்த காலத்தில் என்ன செய்தார்? 2010-ல் மே மாதக் கடைசியில்தான் அணிக்கு வந்தார், இருந்தும் நேஷனல் லீகின் (மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்று) சிறந்த புதுமுகம் விருது அவருக்கே. அணி 1958-ல் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்த பிறகு அதன் முதல் வேர்ல்ட் சீரிஸ் (சாம்பியனை முடிவு செய்யும் இறுதித் தொடர்) வெற்றியும் அந்த வருடம்தான். அடுத்த வருடம் மே 25 அன்று, 12-வது இன்னிங்ஸில் மார்லின்ஸ் வீரர் ஸ்காட் கசின்ஸ் ரன் எடுக்க ஓடி வந்து ஹோம் பிளேட்டில் போசி மீது மோதியதில் கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் தசைநார் கிழிந்தது, அந்த சீசனே போயிற்று. கேட்சர் மீது மோதுவதைக் கட்டுப்படுத்தி 2014-ல் வந்த விதியை ரசிகர்கள் இன்றும் போசி விதி என்றுதான் சொல்கிறார்கள். திரும்பி வந்த 2012-ல் சராசரி .336, 24 ஹோம் ரன், எம்விபி, லீகிலேயே அதிக சராசரிக்கான பேட்டிங் பட்டம். நேஷனல் லீகில் ஒரு கேட்சர் பேட்டிங் பட்டம் வென்றது 1942-க்குப் பிறகு அதுவே முதல் தடவை. அதே வருடம் சின்சினாட்டிக்கு எதிரான பிளேஆஃப் தொடரில் சொந்த ஊரில் இரண்டு ஆட்டமும் தோற்று, அவர்கள் ஊரில் மூன்றையும் வென்றே ஆக வேண்டும் என்ற நிலையில், ஐந்தாவது ஆட்டத்தில் மேட் லேட்டோஸ் பந்தில் அவர் அடித்த கிராண்ட் ஸ்லாமை (ஒரே அடியில் நான்கு ரன் தரும் ஹோம் ரன்) உங்கள் மகன் பார்த்திருக்காவிட்டால் இன்றே போட்டுக் காட்டுங்கள்.

2010, 2012, 2014 என மூன்று வேர்ல்ட் சீரிஸ் பட்டம். ஏழு முறை ஆல் ஸ்டார். பிட்சர் மேட் கெய்ன் 2012-ல் எதிரணியில் ஒருவரைக்கூட பேஸை எட்ட விடாமல் வீசிய பெர்ஃபெக்ட் கேமில் கையுறை பிடித்தவரும் இவர்தான். மொத்த சராசரி .302, கேட்சருக்கு இது அபூர்வம். வார் என்ற மொத்த மதிப்புக் கணக்கில் பேஸ்பால் ரெஃபரன்ஸ் இணையதளம் 45-ஐ ஒட்டிக் கொடுக்கிறது. எல்லையோரம் வரும் பந்தை நடுவர் ஸ்ட்ரைக் என்று சொல்லும்படி பிடிக்கும் திறமையையும் சேர்த்துக் கணக்கிடும் ஃபேன்கிராஃப்ஸ் இணையதளத்தில் அது 50-ஐத் தாண்டுகிறது. இன்றைய வாக்காளர்களில் பலர் இரண்டாவது கணக்கையும் பார்க்கிறவர்கள், போசிக்கு அது பெரிய பலம்.

எதிர்த் தரப்புக்கு வலுவான ஆதாரம் தர்மன் மன்சன். அவரும் கேட்சர், சிறந்த புதுமுகம், எம்விபி, இரண்டு வேர்ல்ட் சீரிஸ், 1,558 ஹிட். 1979-ல் விமான விபத்தில் இறந்தார். எழுத்தாளர்கள் தேர்தலில் அவர் 15.5 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. ஆனால் அன்றைக்குக் கேட்சரின் வேலையை அளக்கக் கருவி கிடையாது, கூட்டுத்தொகையைப் பார்த்துத்தான் வாக்கு. மன்சனுக்கு நடந்தது அநியாயம் என்பது என் கருத்து, அதையே போசிக்கு எதிராகக் காட்டுவது அந்த அநியாயத்தை இன்னொரு தடவை செய்வதுதான்.

என் நம்பிக்கைக்கு அருகில் இருக்கும் உதாரணம் ஜோ மாவர். அவரும் கேட்சர், எம்விபி, மூன்று பேட்டிங் பட்டம், 2,123 ஹிட், ஆனால் அவர் ஆடிய காலத்தில் அவருடைய அணி வேர்ல்ட் சீரிஸ் வென்றதே இல்லை. 2024-ல் முதல் முயற்சியிலேயே 76.1 சதவீதம். தேவை 75, வெறும் நான்கு வாக்கு கூடுதல். போசியும் இந்த எல்லையை ஒட்டித்தான் வருவார் என்று நினைக்கிறேன், அதனால்தான் முதல் வருடத்துக்குச் சத்தியம் செய்யவில்லை. கார்லோஸ் பெல்ட்ரானும் ஆண்ட்ரூ ஜோன்ஸும் 2026-ல் உள்ளே போய்விட்டதால் பட்டியலில் நெரிசல் குறைவு, ஒருவர் 10 பெயர் வரை எழுதலாம், போசிக்கு இடம் இல்லை என்று யாரும் காரணம் சொல்ல முடியாது. ஊக்கமருந்துப் பேச்சும் அவர் மீது இல்லை. அதே ஜயன்ட்ஸின் பேரி பாண்ட்ஸ் 762 ஹோம் ரன் வைத்துக்கொண்டும் பத்தாவது, கடைசி வருடமான 2022-ல் 66 சதவீதத்தோடு வெளியே போனது அந்தப் பேச்சால்தான்.

சீக்கிரம் ஓய்வு பெற்றது குறையா என்றால், என்னைப் பொறுத்தவரை இல்லை. 2018-ல் இடுப்பு அறுவை சிகிச்சை. 2020-ல் குறைமாதத்தில் பிறந்த இரட்டைக் குழந்தைகளைத் தத்தெடுத்ததால் கோவிட் சீசனையே விட்டார். 2021-ல் திரும்பி வந்து .304, 18 ஹோம் ரன், அணிக்கு 107 வெற்றி. அடுத்த வருடம் 2.2 கோடி டாலர் கிடைக்க வழி இருந்தும், தினமும் வலியோடு ஆடுவதில் சந்தோஷம் குறைந்துவிட்டது என்று சொல்லி விடைபெற்றார். இன்னும் நான்கு வருடம் .240 அடித்து 1,900 ஹிட் சேர்த்திருந்தால் அவர் இதைவிட நல்ல கேட்சர் ஆகியிருப்பாரா? மாட்டார். இப்போது அவர் ஜயன்ட்ஸின் பேஸ்பால் பிரிவுத் தலைவராக இருப்பதும் தடை இல்லை. ஆட்டக்காரராக ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகியிருந்தால் போதும், வேறு பொறுப்பில் இருக்கலாம் என்று விதியே சொல்கிறது.

இனி பயணம். வாக்குச் சீட்டு 2026 டிசம்பர் 31-க்குள் போய்விடும், முடிவு 2027 ஜனவரி பின்பாதியில் வரும். சில எழுத்தாளர்கள் முன்னதாகவே தங்கள் சீட்டை வெளியிடுவார்கள், அதைக் கூட்டி இணையத்தில் சதவீதம் போடுவார்கள். இறுதி எண் பெரும்பாலும் அதைவிடச் சில புள்ளி குறையும், ஆகவே அங்கே 80-க்கு மேல் இருந்தால்தான் நிம்மதியாக இருங்கள்.

விழா வழக்கமாக ஜூலை பிற்பகுதியில் ஒரு ஞாயிறு. கூப்பர்ஸ்டவுனில் இரண்டாயிரம் பேர்கூட வசிப்பதில்லை, கோடை முழுக்கச் சிறுவர் போட்டிகளுக்கு வரும் குடும்பங்களே அறைகளை நிரப்பிவிடும். அதனால்தான் அறையை இப்போதே என்கிறேன். அரை மணி தள்ளி ஒனியான்டா, ஒரு மணி தள்ளி யூட்டிகா பாருங்கள், விலை இறங்கும். பக்கத்துப் பெரிய விமான நிலையம் ஆல்பனி, அங்கிருந்து காரில் ஒன்றரை மணி. புல்வெளியில் உட்கார்ந்து பார்க்க டிக்கெட் கிடையாது, மடக்கு நாற்காலி, தொப்பி, தண்ணீர் வேண்டும். சனிக்கிழமை ஊர்வலம் இருக்கும், பழைய நட்சத்திரங்களை உங்கள் மகன் அருகில் பார்க்கலாம், எனவே வெள்ளியே போய்ச் சேருங்கள். அருங்காட்சியகத்தைத் திங்கட்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் பெயர் வராவிட்டால் அறையை ரத்து செய்துவிட்டு 2028-க்குப் பாருங்கள். அந்த வருடம் யாடியர் மொலினாவும் பட்டியலுக்கு வருகிறார், இரண்டு கேட்சர்களையும் ஒரே விழாவில் பார்க்கக்கூட வாய்ப்பு உண்டு.