ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை: பக்கியில் சுபாரு வயரிங்

ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் சேஸியில் கட்டிய பக்கியில் (குழாய்ச் சட்டம் கொண்ட திறந்த சிறு வண்டி) சுபாரு காரின் இஜே22 இன்ஜினை ஏற்றியிருக்கிறீர்கள். ஸ்டார்ட்டர் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்கிறீர்கள். முதலில் சாவி சுவிட்சைச் சந்தேகியுங்கள்.

இசியுவுக்கான (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இக்னிஷன் மின்சாரத்தை எந்த முனையிலிருந்து எடுத்தீர்கள்? பல சுவிட்சுகளில் ரேடியோவுக்கான முனை, ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பியதும் செத்துவிடும். சாவி ஆன் நிலையில் இருக்கும்போது மீட்டர் 12 வோல்ட் காட்டும், நாமும் நம்பிவிடுவோம். இரண்டு நாள் அப்படி நம்பியவன் நான். ஒருவரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லி, அந்த நேரத்தில் மீட்டரைப் பாருங்கள்.

அப்போதும் மின்சாரம் அறுபடாமல் வருகிறது என்றால், அடுத்தது எர்த். இசியுவின் எர்த் வயர்களை இன்ஜின் பிளாக்கிலேயே முடுக்குங்கள்; பெயின்ட் அடித்த குழாய்ச் சட்டத்தை நம்பாதீர்கள். இன்ஜின் சுழல்வதை இசியுவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் வயரின் கவச உறையை நறுக்கியிருந்தாலும் தொல்லைதான்.

பெட்ரோல் பம்பை நேரடி சுவிட்சில் மாட்டாமல் இசியு இயக்கும் ரிலேயில் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மாட்டுங்கள். பக்கி கவிழ்ந்து இன்ஜின் நின்றால் பம்பும் நின்றுவிடும்.

சார்ஜ் விளக்கை அலங்காரம் என்று கழற்றிவிடாதீர்கள். அந்தச் சிறு பல்பு வழியே போகும் மின்னோட்டம்தான் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது.