ஈற்றடி ஒன்று போதும், அக்கா

கல்லூரியில் வெண்பா எழுதியவர், 20 வருடமாகப் பேனாவைத் தொடவில்லை, வீட்டில் காட்டக் கூச்சம் என்று எழுதியிருந்தீர்கள். குறள் வெண்பாவில், அதாவது திருக்குறள் மாதிரி இரண்டடிப் பாட்டில் தொடங்குங்கள் அக்கா. மொத்தமே 7 சீர்தான் (அடியில் பிரித்து எழுதும் ஒவ்வொரு துண்டும் ஒரு சீர்). ஈற்றடியான கடைசி 3 சீரை மட்டும் நீங்கள் எழுதி, முதலடியைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.

நான் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் 'பாட்டி கொடுத்த வடை' என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். ரெண்டு நாள் யாரும் தொடவில்லை. மூன்றாம் நாள் மேலே பென்சிலில் முதலடி வந்திருந்தது:

பள்ளி முடிந்ததும் பையிலே ஒட்டியது
பாட்டி கொடுத்த வடை

எதுகை (அடிகளின் இரண்டாம் எழுத்து ஒத்து வருவது) இல்லைதான், ஆனால் தளை (சீருக்குச் சீர் ஓசை இணைவது) தட்டவே இல்லை! தாளில் எண்ணெய்க் கறை வேறு. அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

முதலில் இலக்கணம் சொல்லித் தராதீர்கள், ஓடிவிடுவார்கள். சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், ஓசை தானாகப் பிடிபடும். கடைசிச் சீருக்கான நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இன்று ராத்திரியே ஒரு ஈற்றடி எழுதி ஒட்டிவிடுங்கள். பிள்ளைகள் எழுதியதை இங்கே போடுங்கள், காத்திருக்கிறேன்.