'-00'-ஐ நீக்கினால் 1500 ஏன் 15 ஆகிறது?

கேள்வி: எங்கள் ஆர்டர் எண்கள் '-00' என்று முடிகின்றன. பைத்தான் நிரல்மொழியில், வலது ஓரத்து எழுத்துகளை நீக்கும் ஆர்ஸ்ட்ரிப் (rstrip) கட்டளையைப் போட்டு அதை நீக்குகிறேன். '1525-00' சரியாக 1525 ஆகிறது. '1500-00' மட்டும் 15 ஆகிவிடுகிறது. டேட்டா கெட்டுவிட்டதா?

பதில்: டேட்டாவில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் கொடுத்த '-00'-ஐ ஆர்ஸ்ட்ரிப் ஒரே துண்டாகப் பார்ப்பதில்லை. 'கோடோ 0-வோ, எது வந்தாலும் தூக்கு' என்று எடுத்துக்கொள்கிறது. வலது ஓரத்தில் இரண்டு 0, பிறகு கோடு என்று தின்றுகொண்டே வந்து, 1500-இன் 0 இரண்டையும் விழுங்கி, 5 வந்த பிறகுதான் நிற்கிறது. 1525 தப்பியதும் கோட்டுக்கு முன்னால் 5 இருந்ததால்தான்.

ஆர்ஸ்ட்ரிப்பை எடுத்துவிட்டு ரிமூவ்சஃபிக்ஸ் (removesuffix) போடுங்கள். அடைப்புக்குள் அதே '-00' போதும். கடைசியில் அது இருந்தால் ஒரே ஒரு தடவை நீக்கும், இல்லாவிட்டால் தொடாது. பைத்தான் 3.9 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். இவ்வளவு எளிய தேவைக்கு 2020 அக்டோபரில்தான் தனிக் கட்டளை பிறந்தது. அதுவரை எத்தனை பேர் இதே குழியில் விழுந்தார்கள்!

காசு வாங்கிக்கொண்டு அவசரப் பயிற்சி விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஆர்ஸ்ட்ரிப்பை 'வால் வெட்டும் கட்டளை' என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சரியாக வரும் உதாரணமாகப் பார்த்துத்தான் காட்டுவார்கள். மாட்டிக்கொள்வது நீங்கள்.

'மூன்று எழுத்துதானே, [:-3] போதும்' என்றும் சொல்வார்கள். கடைசி மூன்று எழுத்தை வெட்டிவிட்டு மீதியை எடு என்பது அதன் பொருள். '-00' இல்லாமல் வெறும் 1525 வந்தால் மிஞ்சுவது 1. அந்த 3-க்குப் பதில் வேரியபிள் (மதிப்பு மாறக்கூடிய பெயர்) வைத்தால் இன்னும் ஆபத்து. அதில் ஒருநாள் 0 வரும். எதையும் வெட்டாதே என்றால் முழுசும் மிஞ்ச வேண்டுமல்லவா? மிஞ்சாது. மைனஸ் 0-வும் 0 தான். [:-0] என்பது [:0] ஆகிவிடும். அதாவது தொடக்கத்திலிருந்து 0-வது இடம் வரை. கிடைப்பது காலி ஸ்ட்ரிங், அதாவது ஓர் எழுத்தும் இல்லாத உரை. எரர் வராது, எச்சரிக்கை வராது, அறிக்கை மட்டும் வெறுமையாக வரும். லிஸ்டிலும் இதே கதைதான். மொத்த நீளத்திலிருந்து கழித்து, [:நீளம் - எண்ணிக்கை] என்று எழுதுங்கள். 0 வந்தாலும் முழுசாகக் கிடைக்கும்.

ஏற்கனவே 15 ஆகிப்போனவற்றைக் கையால் திருத்த இறங்காதீர்கள். '15-00', '150-00', '1500-00' மூன்றுமே 15 ஆகத்தான் வந்திருக்கும். எது எதுவென்று இனி பிரிக்க முடியாது. மூலக் கோப்பை எடுத்து, திருத்திய ஸ்கிரிப்ட்டை முதலிலிருந்து ஓட்டுங்கள்.